11-ஆவது த்ரெட்

2005 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. தரமணியில் இருந்த அலுவலகத்துக்குள் நுழைந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, டீம் லீட் என் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிரிண்ட் அவுட். வெளிநாட்டில் இருந்த எங்கள் வாடிக்கையாளர் அனுப்பியது. முந்தைய இரவு பேசப்பட்ட தொலைபேசி அழைப்புகள் வரிசையாக இருந்தன. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை விநாடி, எவ்வளவு கட்டணம். சில வரிகளுக்கு மட்டும் மஞ்சள் கோடு. அந்த வரிகளிலெல்லாம் கட்டணம் 0.00. நாற்பது நிமிடம் பேசிய அழைப்புக்கும் 0.00.

"உன் பகுதிதானே, கொஞ்சம் பாரு" என்றார்.

என் பகுதிதான். பேசி முடித்த ஒவ்வொரு அழைப்பையும் வாங்கி, கட்டண அட்டவணையில் தேடி, தொகையைக் கணக்கிட்டுத் தரும் சர்வர் அது. சி++-இல் எழுதியது. உள்ளே 16 த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் 16 ஆட்கள். அழைப்பு வந்தால் சும்மா இருக்கும் த்ரெட் எடுத்துக்கொள்ளும். கட்டண அட்டவணை மட்டும் எல்லோருக்கும் பொது. பெரிய கோப்பு, ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒருமுறை மட்டும் ஏற்ற வேண்டும். முதலில் யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர் ஏற்றட்டும், மற்றவர்கள் அதையே பயன்படுத்தட்டும் என்பது ஏற்பாடு.

நிரல் தொடங்கும்போதே ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு முந்தைய வருடம் அப்படித்தான் செய்திருந்தோம், கையைச் சுட்டுக்கொண்டோம். சி++-இல் வெவ்வேறு கோப்புகளில் இருக்கும் உலகளாவிய மாறிகளில் எது முதலில் உயிர்பெறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அட்டவணை எழுந்துவிடும், அது நம்பியிருக்கும் அமைப்புக் கோப்பு இன்னும் எழுந்திருக்காது. அதற்குப் பயந்துதான் "தேவைப்படும்போது ஏற்று" என்ற வழிக்கு வந்தோம்.

அதை எழுதியது நான். மொத்தம் பத்து வரி. அப்போது எல்லோரும் எழுதிய அதே பத்து வரி. டக்ளஸ் ஷ்மிட், டிம் ஹாரிசன் என்ற இருவர் 1990-களின் நடுவில் இந்த முறைக்குப் பெயர் வைத்து எழுதியிருந்தார்கள்: டபுள் செக்டு லாக்கிங், இருமுறை பார்த்துப் பூட்டுவது. அட்டவணையைச் சுட்டும் பாயின்டர் காலியா என்று முதலில் பார். காலியில்லை என்றால் பூட்டே வேண்டாம், எடுத்துக்கொண்டு போ. காலி என்றால் லாக் போடு. லாக் கிடைப்பதற்குள் இன்னொருவர் ஏற்றியிருக்கலாம், அதனால் இன்னொரு முறை பார். இன்னும் காலியா? அப்படியென்றால் நீதான் முதல் ஆள், ஏற்று. ஒவ்வொரு அழைப்புக்கும் லாக் போட்டு நிற்க வேண்டியதில்லை. முதல் சில நொடிகளுக்கு மட்டும்தான் வரிசை. படித்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. புத்தகத்தில் இருந்தது, பெரியவர்கள் எழுதியது. எட்டு மாதம் ஒரு புகார் வரவில்லை.

பிறகு வாடிக்கையாளர் புது மெஷின் வாங்கினார். பழையது ஒற்றை பிராசஸர். புதியது ஐபிஎம்-மின் பவர்5, ஏஐஎக்ஸ் இயங்குதளம் ஓடுவது, பல பிராசஸர்கள். ஜூலையில் மாற்றினார்கள். வாரந்தோறும் ஞாயிறு இரவு புதுக் கட்டணக் கோப்பை வைத்து சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். சில திங்கட்கிழமைகளில் பூஜ்யம் வரும், சில திங்கட்கிழமைகளில் வராது.

முதலில் கட்டணக் கோப்பின் மேல் சந்தேகப்பட்டோம். பிறகு அதை நகலெடுத்து வைப்பவர்கள் மேல். அங்கே இரவுப் பணியில் இருந்தவர் ஒருவர், பாதி நகலான கோப்போடு சர்வரைக் கிளப்பிவிடுகிறார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். அதை நாசூக்காகச் சுட்டி ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். அவர் பொறுமையாக, ஒவ்வொரு ஞாயிறும் கோப்பின் அளவையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்த பட்டியலை அனுப்பினார். ஒன்றில்கூடப் பிசகில்லை. அந்த மின்னஞ்சலை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அது வேறு விஷயம். ஆனால் ஒரு மனிதர் மேல் சந்தேகப்படுவது எனக்கு என் பத்து வரிகள் மேல் சந்தேகப்படுவதைவிட எளிதாக இருந்திருக்கிறது.

சென்னையில் எவ்வளவு முயன்றும் அந்தத் தவறு வரவில்லை. எங்கள் மேஜைகளில் இருந்தவை ஒற்றை பிராசஸர் பென்டியம்கள். ஆயிரக்கணக்கான முறை ஸ்கிரிப்ட் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு பூஜ்யம் வரவில்லை.

சரி, அங்கேயே என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்று, அட்டவணை ஏற்றும் பகுதியின் கடைசியில் ஒரு லாக் வரி சேர்த்தேன். பூட்டு லாக் அல்ல, பதிவேட்டு லாக். "இத்தனை வரிகள் ஏற்றப்பட்டன" என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். அதை அனுப்பிவைத்தோம். அடுத்த ஞாயிறு பூஜ்யம் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஐந்து வாரம் இல்லை. டீம் லீடுக்கு நிம்மதி. "என்னவோ சரியாயிடுச்சு" என்று அந்த வரியை எடுத்துவிட்டு அடுத்த ரிலீஸை அனுப்பினோம். அந்த வாரமே மஞ்சள் கோடுகள் திரும்பி வந்தன.

எதையும் மாற்றாத ஒரு செய்தி வரி எப்படி ஒரு பிழையை நிறுத்தும்? அதை யோசித்துக்கொண்டு வேளச்சேரி அறையின் மொட்டை மாடியில் படுத்திருந்த இரவுகள் உண்டு.

வழி கிடைத்தது வேறொரு பக்கத்திலிருந்து. ஒவ்வொரு அழைப்பின் பதிவிலும் அதைக் கணக்கிட்ட த்ரெட்டின் எண் இருக்கும். ஒருநாள் மாலை, பூஜ்ய அழைப்புகளை மட்டும் தனியே எடுத்து த்ரெட் வாரியாகப் பிரித்தேன். அந்த ஞாயிறு இரவின் பூஜ்யங்கள் முழுக்க, ஒன்று விடாமல், 11-ஆவது த்ரெட். அந்த த்ரெட் அன்று கணக்கிட்ட எல்லா அழைப்பும் பூஜ்யம். மற்ற 15 த்ரெட்களும் சுத்தம். முந்தைய பட்டியலை எடுத்தேன். அதில் எல்லாம் 4-ஆவது த்ரெட்.

ஆக, சில அழைப்புகள் தவறாகக் கணக்கிடப்படவில்லை. ஒரே ஒரு த்ரெட், தொடங்கிய கணத்திலேயே எதையோ தவறாகப் புரிந்துகொண்டு, அடுத்த ரீஸ்டார்ட் வரை அதையே நம்பிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறது. அது எதை நம்பியது என்பதும் கோடிலேயே இருந்தது. வேகத்துக்காக ஒவ்வொரு த்ரெட்டும் அட்டவணையில் எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கையைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்துத் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்ளும். அட்டவணையை உருவாக்கும் பகுதி, முதல் வரியில் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யம் ஆக்கும், கோப்பை முழுக்க ஏற்றிவிட்டுக் கடைசி வரியில் உண்மையான எண்ணிக்கையை எழுதும். 11-ஆவது த்ரெட் பார்த்தபோது பூஜ்யம் இருந்திருக்கிறது. பூஜ்ய வரிகள் உள்ள அட்டவணையில் எதைத் தேடினாலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கட்டணம் 0.00 என்று எழுதியதும் நானேதான்.

ஆனால் அது எப்படிப் பார்த்திருக்க முடியும்? எண்ணிக்கையை எழுதிய பிறகுதானே பாயின்டர் நிரப்பப்படுகிறது? கோடில் அந்த வரிசைதானே இருக்கிறது?

இங்கே என் பாட்டியைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, கூட்டுக் குடும்பம். ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாட்டி பாலுக்கு உறை ஊற்றுவாள். கல்சட்டியில் இளஞ்சூட்டுப் பால், ஒரு கரண்டி பழைய தயிர், மூடி, மாடத்தில் கொண்டுபோய் வைப்பாள். ஒரு ராத்திரி, எட்டு வயதிருக்கும் எனக்கு, பசித்து எழுந்துபோய் மாடத்தில் கல்சட்டி இருப்பதைப் பார்த்து, திறந்து கரண்டியை விட்டுக் கலக்கிவிட்டேன். தயிரும் இல்லை பாலும் இல்லை. காலையில் வீட்டில் யாருக்கும் தயிர் இல்லை. பாட்டி அடிக்கவில்லை. "சட்டி இடத்துல இருந்தா தயிர் ஆயிடுத்துன்னு யார்டா சொன்னா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பாயின்டர் காலியில்லை என்றால் சட்டி மாடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். நான் அதைத் தயிர் ஆகிவிட்டது என்று படித்திருந்தேன்.

புதிதாக ஒரு பொருளை உருவாக்கிப் பாயின்டரில் வைக்கும் அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலை இருக்கிறது. நினைவகத்தில் இடம் பிடிப்பது, அந்த இடத்தில் பொருளைக் கட்டுவது, இடத்தின் முகவரியைப் பாயின்டரில் எழுதுவது. ஒரே த்ரெட் மட்டும் இருக்கும் உலகத்தில், இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் மாற்றிக்கொள்ள கம்பைலருக்கு அனுமதி உண்டு. கம்பைலர் மாற்றாவிட்டாலும் பிராசஸர் மாற்றலாம். நினைவகத்தில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் ஒரு பிராசஸர் எழுதிய இரண்டு மதிப்புகள், பக்கத்து பிராசஸரின் கண்ணுக்கு எழுதிய வரிசையிலேயே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் மேஜையில் இருந்த இன்டெல் வகை பிராசஸர்கள் இதில் கறாரானவை, எழுதியவற்றை எழுதிய வரிசையில்தான் மற்றவர்களுக்குக் காட்டும். பவர் வகை அப்படியில்லை. வரிசை முக்கியம் என்றால் சொல்லு, நடுவில் ஒரு தடுப்புக் கட்டளை போடு, காப்பாற்றுகிறேன் என்பது அதன் ஒப்பந்தம். சொல்லாவிட்டால் தன் வசதிப்படி. நான் சொல்லவில்லை. மெஷின் தன் ஒப்பந்தத்தை மீறவே இல்லை.

லாக் போட்டிருந்தேனே என்றால், போட்டவர்களுக்குத்தான் லாக். உள்ளே கட்டிக்கொண்டிருந்தவர் லாக்கோடு இருந்தார். 11-ஆவது த்ரெட், முதல் பார்வையிலேயே பாயின்டர் காலியில்லை என்று கண்டு, லாக் பக்கமே வராமல் உள்ளே போய்விட்டது. அப்படிப் போவதற்காகத்தானே அந்த முறையே. பாயின்டர் வந்துசேர்ந்தும் எண்ணிக்கை வந்துசேராமல் இருக்கும் அந்தக் கண்ணிமையிலும் சிறிய இடைவெளியில் ஒரு த்ரெட் வந்து பார்க்க வேண்டும். ஞாயிறு இரவு ரீஸ்டார்ட் ஆனதும் தேங்கிக் கிடந்த அழைப்புகள் மொத்தமாக வந்து 16 த்ரெட்களும் முண்டியடிக்கும் அந்த ஒரு வேளை, அதற்கு வசதியாக இருந்திருக்கிறது.

பதிவேட்டு வரியின் ரகசியமும் அதில் அவிழ்ந்தது. செய்தியை எழுதும் அந்தப் பகுதி, 16 பேரும் ஒரே கோப்பில் எழுதுவதால் தனக்குள் ஒரு பூட்டைப் போட்டுத் திறக்கும். பூட்டைத் திறக்கும்போது பிராசஸருக்குத் தடுப்புக் கட்டளை போகும். அந்த வரியை நான் வைத்த இடம், எண்ணிக்கையை எழுதிய பிறகு, பாயின்டரை நிரப்புவதற்கு முன்பு. தெரியாமலே சரியான இடத்தில் சரியான தடுப்பை வைத்து, தெரியாமலே எடுத்தும் விட்டிருந்தேன்.

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். த்ரெட் எண் வரைக்கும்தான் என் உழைப்பு. அதற்கு மேல், டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் ஸ்காட் மேயர்ஸும் ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரெஸ்குவும் 2004-இல் எழுதியிருந்த கட்டுரைதான் கண்ணைத் திறந்தது. நான் எழுதிய பத்து வரி அதில் அச்சு அசலாக இருந்தது, எங்கே உடைகிறது என்ற விளக்கத்தோடு. ஜாவாக்காரர்களுக்கு இது அதற்கும் முன்பே தெரியும். பில் ப்யூ உள்ளிட்ட பலர் கையெழுத்திட்டு, இந்த முறை ஜாவாவில் உடைந்தது என்று அறிக்கையே வெளியிட்டிருந்தார்கள். 2004-இல் வந்த ஜாவா 5-இல் நினைவக விதிகளையே திருத்தி எழுதி, வோலடைல் என்ற சொல்லுக்கு வலுவான பொருள் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்த முறை ஜாவாவில் செல்லுபடியானது, அதுவும் பாயின்டருக்கு முன்னால் வோலடைல் என்று எழுதினால் மட்டும்.

அதைப் படித்த எங்கள் நண்பர் ஒருவர், சி++ கோடிலும் வோலடைல் என்று சேர்த்தார். சேர்த்து அனுப்பியும் விட்டோம். மூன்றாவது வாரம் பூஜ்யம். சி++-இல் அதே சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. கம்பைலரைத்தான் அது கட்டுப்படுத்தும், பிராசஸருக்கு ஒரு சொல்கூடப் போகாது. ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு மொழியில் இரண்டு வாக்குறுதி. இந்த ஒரு குழப்பத்தால் எத்தனை பேர் தூக்கம் போயிருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கடைசியில் மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தது. பி-த்ரெட் ஒன்ஸ். யூனிக்ஸ் த்ரெட்களுக்கான போசிக்ஸ் தரம் 1995-இல் வந்தபோதே அதில் இருந்தது. ஒரு கட்டுப்பாட்டு மாறியையும் ஒரு வேலையையும் கொடுக்க வேண்டும். எத்தனை த்ரெட் கேட்டாலும் அந்த வேலை ஒருமுறைதான் நடக்கும், அது நடந்து முடியும்வரை கேட்டவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள். அந்தந்த பிராசஸருக்கு என்ன தடுப்பு வேண்டும் என்பது நூலகத்தை எழுதியவர் பொறுப்பு. நான் பத்து வரிகளை அழித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். பத்து வருடமாக இருந்த ஒன்றை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? ஒவ்வொரு முறையும் ஒரு செயற்கூறு அழைப்பு, மெதுவாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அளந்து பார்த்ததே இல்லை. அன்று அளந்தேன். எங்கள் வேலையின் அளவுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை.

அந்த ஞாயிறு இரவு அலுவலகத்திலேயே இருந்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொரு த்ரெட்டும் தான் கண்ட எண்ணிக்கையை எழுதும்படி வைத்திருந்தேன். இந்த முறை அந்தச் செய்தி தவறான இடத்தில் தடுப்பாகிவிடாதபடி, எல்லோரும் படித்து முடித்த பிறகு. திரையில் 16 வரிகள் வந்தன. 11-ஆவதைத்தான் முதலில் பார்த்தேன். மற்ற 15-இல் இருந்த அதே எண். இரவுப் பணியில் இருந்த அந்த நண்பருக்கு எழுதினேன். "நன்றி, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பிறகு காலம் மாறியது. 2011-இல் சி++ தரமே த்ரெட்களை ஒப்புக்கொண்டது. ஒரு செயற்கூறுக்குள் ஸ்டாட்டிக் என்று ஒரு மாறியை வைத்தால், அது ஒருமுறைதான் கட்டப்படும், கட்டி முடியும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று மொழியே வாக்குக் கொடுத்துவிட்டது. மைக்ரோசாப்ட்டின் கம்பைலரில் அது வர 2015 ஆனது. அதுவரை இரண்டு பக்கமும் ஓட வேண்டிய கோட் எழுதியவர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஜாவாவில் ஓர் உள் வகுப்பில் வைத்துவிட்டால் போதும், வகுப்பு முதன்முதலில் தொடப்படும்போது பூட்டோடுதான் தயாராகும். இவை ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டபோது எனக்கு ஒரு நிம்மதி. இனி ஓர் இளைஞர் அந்தப் பத்து வரியை எழுத வேண்டியதில்லை.

எழுதுகிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவரின் கோட் ரிவ்யூவுக்கு வந்தது. கோ மொழி. ஒரு கொடி, நடுவில் யாரும் குறுக்கிட முடியாத அணுச் செயல்பாடு ஒன்று. கொடி 0 என்றால் 1 ஆக்கு, ஆக்கியவர் ஏற்றட்டும், மற்றவர்கள் மேலே போகட்டும். இருவர் ஏற்ற வாய்ப்பே இல்லை, அந்த வகையில் பிழையே இல்லாத கோட். ஆனால் மேலே போகும் மற்றவர்கள் எதைப் பார்ப்பார்கள்? முதல் ஆள் இன்னும் கோப்பைப் பாதி படித்துக்கொண்டிருப்பார்.

பக்கத்தில் அழைத்து உட்காரவைத்து, ஒரு வேலையை ஒருமுறை மட்டும் நடத்தவென்றே கோ மொழியில் இருக்கும் சிங்க் ஒன்ஸ் எழுதப்பட்ட மூலக் கோப்பைத் திறந்து காட்டினேன். சின்னக் கோப்பு. அதற்குள் எழுதியவர்களே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். இதைக் கொடியோடு இப்படி எழுதினால் என்ன என்று தோன்றும், அது தவறு, ஏனென்றால் இரண்டாவது ஆள் வேலை முடிவதற்கு முன்பே திரும்பிவிடுவார் என்று. அவர் எழுதியிருந்ததும் அதே வடிவம். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. நான் 11-ஆவது த்ரெட்டின் கதையைச் சொன்னேன். கல்சட்டியையும் சொன்னேன். அவர் தன் கோடை அழித்துவிட்டு சிங்க் ஒன்ஸுக்கு மாற்றினார்.

மாற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சார், ஒருமுறைதான் ஓடும், சரி. அந்த ஒருமுறை கோப்பைத் திறக்க முடியாமப் போயிட்டா?"

நல்ல கேள்வி. அதற்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. சி++ ஸ்டாட்டிக் என்றால், கட்டும்போது பிழை எறியப்பட்டால் கட்டவே இல்லை என்று கணக்கு. அடுத்து வருபவர் மறுபடி முயல்வார். ஜாவாவில் ஒரு வகுப்பு தயாராகும்போது விழுந்தால் அது விழுந்ததுதான், அந்த ஓட்டம் முடியும்வரை எழாது. கோ மொழியின் ஒன்ஸ், உள்ளே இருந்த வேலை நிலைகுலைந்து வெளியே வந்தாலும் முடிந்துவிட்டது என்றே குறித்துக்கொள்ளும். இன்னொரு முறை அழைத்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பி-த்ரெட் ஒன்ஸில் வேலை தோற்றது என்று சொல்வதற்கு வழியே கிடையாது. இதில் எது சரி என்று பொதுவாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வேலையைப் பொறுத்தது.

"நம்ம சர்வர்ல என்ன ஆகும் சார்?" என்றார்.

அவர் மாற்றிய கோடில், திறக்க முடியாத கோப்புக்கு ஒரு காலி அட்டவணை கிடைக்கும் என்று தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலி அட்டவணையை யார் யார் கேட்கிறார்கள், கிடைக்காவிட்டால் என்ன எழுதுகிறார்கள் என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தோம்.